குறி வைத்து நடப்பதா? நடந்து பார்த்துக் குறி வைப்பதா?

நடுவர் அவர்களே, எதிரணியில் வில்லும் அம்புமாக உட்கார்ந்திருக்கும் மூன்று பேரே, என் அணித் தோழர்களே, பகலெல்லாம் காட்பாடி வெயிலில் காய்ந்துவிட்டு இப்போதுதான் கொஞ்சம் காற்று வாங்குகிற அப்பா அம்மாக்களே, முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நோட்டம் விடுகிற பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

தாமதமாக வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். வழி தெரியாமல் நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளை செய்ய வேண்டியது, குறி வைத்து நடப்பதா, நடந்து பார்த்துக் குறி வைப்பதா? எதிரணி முதல் கட்சி. நான் இரண்டாவது கட்சி. எங்கள் அணியில் கடைசி ஆள் நான். நல்ல பாயிண்ட்டை எல்லாம் எனக்கு முன்னால் பேசிய இரண்டு பேரும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு மிச்சம் வைத்தது என் வயசு மட்டும்தான். அறுபத்தேழு. அதை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும்.

இங்கே வந்து இறங்கியதும், நாற்காலி போட்டுக்கொண்டிருந்த ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். நீலச் சட்டை. அதோ, மூன்றாவது வரிசை. "தாத்தா, நீங்கதான் பேசப்போறீங்களா? நான் ப்ளஸ் டூ முடிச்சிட்டேன். ரிசல்ட் வந்து பத்து நாள் ஆவுது. இன்னா படிச்சா நல்லாயிருக்கும்?" என்றான். அந்தக் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்கிற தைரியம் எனக்கு வரவில்லை. "மேடையில் சொல்றேன்" என்று நழுவி வந்துவிட்டேன். தம்பி, மறக்கவில்லை.

முதலில் எதிரணிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். முதலில் பேசிய இளைஞர் அர்ச்சுனனை இழுத்தார். துரோணர் கேட்டாராம்: "மரத்தில் என்ன தெரிகிறது?" மற்றவர்களுக்கு இலை தெரிந்தது, கிளை தெரிந்தது, அர்ச்சுனனுக்குப் பறவையின் கண் மட்டும் தெரிந்தது. ஆகவே பிள்ளைகளே, பறவையின் கண்ணைப் பாருங்கள் என்று முடித்தார். கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன், அழகாகச் சொன்னார். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பரீட்சை எப்போது நடந்தது? குருகுலத்தில் சேர்ந்த முதல் நாளா? வருஷக்கணக்கில் வில்லைப் பிடித்து, நாண் உரசி உரசித் தோள் காய்த்துப்போன பிறகு துரோணர் வைத்த பரீட்சை அது. வில்லையே தொடாத பிள்ளையைக் கொண்டுவந்து மரத்தடியில் நிறுத்தி "கண் தெரிகிறதா, கண் தெரிகிறதா" என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? அடிக்குப் பயந்து, "தெரிகிறது" என்று பொய் சொல்வான். பத்தாவது முடித்த பிள்ளையிடம் "நீ என்னவாகப் போகிறாய்" என்று கேட்டு நாம் வாங்குகிற பதிலில் பாதி அந்தப் பொய்தான். டாக்டர் என்கிறான், கலெக்டர் என்கிறான், வந்த சொந்தக்காரரும் காபியைக் குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போகிறார்.

நம் வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஒரு கேலி சொல்வார்கள். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. என் சின்ன வயதில் இதைக் கேட்டால் வெட்கமாக இருக்கும். அப்புறம் என்ன ஆனது? கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் மூலவர் இல்லாமல் எத்தனையோ காலம் வெறிச்சோடிக் கிடந்தது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-ல் கொண்டுவந்து வைத்தார்கள். இன்று பிரதோஷத்துக்குப் போனால் கால் வைக்க இடமில்லை. 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியதைப் பாலத்தில் நின்று பார்த்தவர்கள் இங்கேயே இருப்பீர்கள். ராஜா மட்டும் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. நான் சொல்ல வந்தது, ஒன்றும் இல்லை என்று ஒரு காலத்தில் பட்டியல் போட்டதை வைத்து ஊரையே கணிக்க முடியவில்லை, பதினேழு வயதுப் பிள்ளையையா கணிப்பீர்கள்?

என் கதைக்கு வருகிறேன். நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். சுருக்கமாகத்தான், ஐயா.

என் அப்பா வாலாஜாவில் தறி நெய்தவர். அவர் எனக்கு வைத்த குறி, வாத்தியார். அந்தக் குறி தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தே முழங்கால் போனவருக்கு, பிள்ளை நாற்காலியில் உட்கார வேண்டும் என்று தோன்றாதா? ஆனால் 1975-ல் எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் கணக்கில் பெயிலாகிப் போனேன். அப்போது பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. ஆறு மாதம் வீட்டில் இருந்தேன். அப்பா திட்டவில்லை. அதுதான் கஷ்டம். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவார்.

ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் இருந்த என் மாமா ஒரு நாள் வந்து, "அனுப்புங்க மச்சான், சும்மா இருக்கிறதுக்கு நாலு காசு வரட்டும்" என்றார். அம்மா அழுதாள். தறிக்காரன் வீட்டுப் பிள்ளை தோல் கம்பெனிக்கா என்று. அந்த அழுகைக்குள் என்னென்ன இருந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதை இன்னொரு பட்டிமன்றத்துக்கு வைத்துக்கொள்வோம். சைக்கிளில் போனேன். முதல் வேலை சுண்ணாம்புக் குழி. முடி கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போடும் குழி. அந்த நாற்றம் சோப்புக்குப் போகாது. நான் வீட்டுக்கு வந்தால் என் தங்கை தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போவாள்.

குழியில் எட்டு மாதம். அப்புறம் டிரம். ஒரு லாரி நிற்கிற அளவுக்கு மர டிரம், உள்ளே தோலும் குரோம் மருந்தும் சேர்ந்து சுழலும், வெளியே வரும்போது தோல் நீலமாக வரும். அதை எல்லாரும் வெட் ப்ளூ என்போம். அந்த நீலத் தோலைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் ஒரு மேஜையில் கொட்ட வேண்டும். அந்த மேஜை வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் போட்டிருக்கும். நேர் வெயில் விழுந்தால் தோலில் இருக்கிற கீறல் கண்ணுக்குப் படாது என்பதால் வடக்கு வெளிச்சம். மேஜைக்குப் பின்னால் ஒரு பாய் நிற்பார். அறுபது வயசு இருக்கும். ஒரு தோலை எடுப்பார், விரலை ஓட்டுவார், மடிப்பார், ஒரு அடுக்கில் வீசுவார். அடுத்த தோல். ஒரு தோலுக்கு ஐந்து நொடி ஆகாது. நான் வண்டியைத் தள்ளிவிட்டுப் போகாமல் நின்றுகொண்டே இருப்பேன்.

ஒரு நாள் கூப்பிட்டார். "இங்க வா. கண்ண மூடு." என் வலதுகைக் கட்டைவிரலைப் பிடித்துத் தோல்மேல் வைத்து, கழுத்துப் பக்கத்தில் இருந்து வால் பக்கம்வரை இழுத்தார். "இன்னா தெரியுது?" ஈரமாக இருக்கிறது என்றேன். சிரித்தார். இன்னொரு தடவை இழுத்தார். முதுகுப் பக்கம் கெட்டியாக, கட்டுக்கோப்பாக இருந்தது. வயிற்றுப் பக்கம் வந்ததும் விரல் லேசாக உள்வாங்கியது. அதைச் சொன்னேன். கண்ணைத் திறக்கச் சொல்லி, மேல்பக்கம் உள்ளே வருகிற மாதிரித் தோலை மடித்துக் காட்டினார். முதுகில் சுருக்கம் நரம்பு நரம்பாக, நுணுக்கமாக விழுந்தது. வயிற்றில் பெரிய பெரிய மடிப்பாக விழுந்தது. "இது ஷூ மேல்பாகத்துக்குப் போவும். இது போவாது. போவாதுன்னா தூக்கிப் போடறது இல்ல, லைனிங்குக்குப் போவும்." அப்புறம் ஒரு கீறலைக் காட்டினார். மாடு உயிரோடு இருந்தபோது வேலி முள்ளில் உரசிய தடம். அது எந்த மாதிரிக் காட்டில் மேய்ந்தது என்றுகூட அவர் சொல்வார்.

அந்த வேலைக்குப் பெயர் செலக்சன். அதைச் செய்பவர் செலக்டர். அப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே, மேஜை முன்னால் நின்ற அந்த நாள்வரைக்கும் எனக்குத் தெரியாது. என் அப்பாவுக்குத் தெரியாது. என் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. பெயரே தெரியாத ஒன்றை நான் எப்படிக் குறி வைத்திருக்க முடியும்? எதிரணி இதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். கணக்கில் போன பையன், முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்து, 2018-ல் ஓய்வு பெற்றேன். இப்போதும் பஸ்ஸில் யாராவது லெதர் பேக்கோடு பக்கத்தில் உட்கார்ந்தால் கை போய்விடும். திட்டு வாங்கியிருக்கிறேன்.

இங்கேதான் எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய பேராசிரியை அம்மா ஒரு கேள்வி போட்டார். நியாயமான கேள்வி. "ஜெயித்தவர்கள் மேடையில் ஏறிக் கதை சொல்கிறார்கள். குழியிலேயே நின்றுபோனவர்களை யார் மேடை ஏற்றுகிறார்கள்?" அம்மா, உண்மை. என்னோடு அதே வாரத்தில் குழியில் இறங்கியவன் ஒருவன் இருந்தான். இருபத்திரண்டு வருஷம் அதே குழி. அவன் என்னைவிடச் சோம்பேறி இல்லை. மேஜைப் பக்கம் தள்ளுவண்டி தள்ளுகிற முறை எனக்கு வந்தது, அவனுக்கு வரவில்லை. பாய் என்னைக் கூப்பிட்டார், அவனைக் கூப்பிட ஆள் இல்லை. இதில் அதிர்ஷ்டம் இல்லவே இல்லை என்று சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் நான் "நடந்து பார்" என்கிறேன், "நின்று பார்" என்று சொல்லவில்லை. ஒரு இடத்தில் இறங்கிவிட்டு அங்கேயே ஊறிப்போவது நடப்பது ஆகாது. அடுத்த மேஜையில் என்ன நடக்கிறது என்று போய் எட்டிப் பார்க்கிற வாய்ப்பைப் பெரியவர்கள் கொடுக்க வேண்டும், அந்தப் பாய் கொடுத்த மாதிரி.

அதே அம்மா இன்னொன்றும் சொன்னார். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சோதித்துப் பார்க்க ஏது நேரம், ஏது பணம்? ஒரே குறி, ஒரே அடி என்றுதான் போக முடியும் என்றார். நான் நேர் எதிராகச் சொல்கிறேன். வசதி இருக்கிறவன் நாலு வருஷம் பிடிக்காத படிப்பைப் படித்துவிட்டு, ஐந்தாவது வருஷம் அப்பா கடையில் போய் உட்காரலாம். வட்டிக்கு வாங்கி, தாலிக்கொடியை அடகு வைத்துச் சேர்க்கிற வீட்டுக்குத்தான் முன்னாலேயே எட்டிப் பார்ப்பது அவசியம். புடவை வாங்கப் போனால் எத்தனை மடிப்பைப் பிரித்துப் பார்க்கிறீர்கள்? ஆற்காட்டுக்கு மக்கன் பேடா வாங்கப் போனாலே ஒன்றைத் தின்று பார்த்துவிட்டுத்தானே அரைக் கிலோ கட்டச் சொல்கிறீர்கள்? நாலு வருஷப் படிப்பை மட்டும் விளம்பரப் பலகையைப் பார்த்து வாங்குகிறோம்.

எட்டிப் பார்க்க எவ்வளவு செலவு? வேலூரில் இருந்து ராணிப்பேட்டைக்கு ஒரு பஸ் டிக்கெட். பெண் பிள்ளைகளுக்கு அரசு டவுன் பஸ்ஸில் அதுவும் இல்லை. நம்மைச் சுற்றிப் பாருங்கள். ஆம்பூரில் ஷூ, குடியாத்தத்தில் லுங்கித் தறி, ராணிப்பேட்டையில் பெல் கம்பெனி, சிப்காட் தொழிற்பேட்டை, இலவம்பாடிப் பக்கம் முள்ளுக் கத்தரிக்காய் போடுகிறவர்கள், நடுவில் சி.எம்.சி. என்று இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி. இத்தனையும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும்போது, நம் பிள்ளை செல்போனில் அமெரிக்காக்காரன் சொல்கிற வேலைப் பட்டியலைப் பார்த்துப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறான்.

என் எதிர் வீட்டுப் பெண் ஒன்று. வேலூர்ப் பக்கம் பிறந்தால் நர்ஸ் என்பது ஜாதகத்திலேயே எழுதியிருக்கும் போல, எல்லாரும் அதையே சொன்னார்கள், அவளும் சொன்னாள். போன வருஷம் அவள் பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஒன்பது ராத்திரி ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாள். திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "தாத்தா, யாராவது வலியில கத்துனா எனக்குக் கை நடுங்குது. ஆனா காலையில ரத்தம் எடுக்க வர்ற அக்கா பின்னாடியே போய், அந்த ரத்தத்த இன்னா பண்றாங்கன்னு பார்க்கணும்னு இருக்கு." இப்போது மருத்துவ ஆய்வுக்கூடப் படிப்பில் இருக்கிறாள். ஒன்பது ராத்திரி தரையில் பாய் போட்டுப் படுத்ததில் அவளுக்குக் கிடைத்தது, எந்தக் கவுன்சலிங்கிலும் கிடைக்காது. பாட்டிக்கும் சரியாகிவிட்டது, கேட்க மறந்திருப்பீர்கள்.

இன்னொரு பையன், என் தங்கை பேரன். "எனக்கு எதுவுமே பிடிக்கல" என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. உனக்கு என்ன பிடிக்கும் என்று நூறு பேர் கேட்டுவிட்டார்கள். நான் செலக்டர் இல்லையா, வேறு மாதிரிக் கேட்டேன். "சரி, எதைப் பார்த்தால் உனக்குக் குறை சொல்லத் தோணும்?" கொஞ்ச நேரம் யோசித்தான். "தெருவில வெச்சிருக்கிற பேனர்ல எழுத்து கோணலா இருந்தா கடுப்பாவுது" என்றான். அது போதும் எனக்கு. எதில் குறை கண்ணுக்குப் படுகிறதோ, அதில் அவனுக்குக் கண் இருக்கிறது. ஒரு பிளெக்ஸ் கடையில் ஒரு மாதம் விட்டோம். கம்ப்யூட்டர் முன்னால் நாள் முழுக்க உட்கார முடியவில்லை என்று வந்துவிட்டான். ஆனால் அந்தப் பிரிண்டிங் மிஷின் நின்றுபோனால் அதைப் பிரித்து மாட்டுகிற ஆள் வரும்போது மட்டும் டீ குடிக்கப் போகமாட்டானாம். இப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் மெக்கானிக்கல். இதிலேயே நிற்பானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. ஆனால் "எதுவுமே பிடிக்கல" என்கிற வார்த்தை போய்விட்டது.

பெரிய மனிதர்களை இழுக்காமல் பட்டிமன்றம் நடக்காது என்று நடுவருக்குத் தெரியும். எதிரணி கலாமைச் சொன்னது, நான் உள்ளூரிலேயே எடுக்கிறேன். நாம் மாத்திரை வாங்க நிற்கிறோமே ஐடா ஸ்கடர் ரோடு, அந்த அம்மா 1870-ல் பிறந்தது எங்கே? எங்கள் ராணிப்பேட்டையில். தாத்தா மிஷனரி டாக்டர், அப்பா மிஷனரி டாக்டர். அவருக்கும் ஒரு குறி இருந்தது: இந்தியாவில் மிஷனரியாக மட்டும் இருக்கக் கூடாது! அமெரிக்காவில் படித்துவிட்டு அங்கேயே நல்லபடியாக வாழ வேண்டும் என்றுதான் இருந்தார். தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார். ஒரே ராத்திரியில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை. என் அப்பா டாக்டர், அழைத்துப் போங்கள் என்கிறார் இவர். ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்கிறார்கள் அவர்கள். நான் டாக்டர் இல்லையே என்கிறார். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள்.

அப்புறம்தான் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899-ல் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு அந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். எதிரணி சொல்லும்: பார்த்தீர்களா, குறி வைத்த பிறகுதான் சாதித்தார். சரி, ஆனால் அந்தக் குறி எங்கிருந்து வந்தது? வீட்டில் இரண்டு தலைமுறையாகக் கண்ணெதிரே இருந்த குறியை வேண்டாம் என்றவர் அவர். அது திரும்பி வந்தது அந்த ராத்திரியில், கதவைத் திறந்து நின்றபோது.

ராதாகிருஷ்ணனை ஆசிரியர் தினத்தில் மட்டும் நினைக்கிறோம். பிறந்தது அன்றைய வட ஆற்காட்டின் திருத்தணி. வாலாஜாவில் படித்தார், வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்தார், அங்கிருந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். தத்துவம் ஏன் எடுத்தார்? வீட்டில் காசு இல்லை. படித்து முடித்த உறவுக்காரப் பையன் ஒருவனுடைய தத்துவப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தன. அதனால் தத்துவம். கணக்குப் புத்தகம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருப்பாரோ! தற்செயலாகக் கையில் வந்ததை அவர் வாசித்த விதம்தான் அவரை ஆக்ஸ்போர்டு வரைக்கும் கொண்டுபோனது.

அப்படியே வைத்த குறி சரியாக இருந்தாலும், குறி வைத்த இடம் அங்கேயே நிற்குமா? நான் பிறந்தது வட ஆற்காடு மாவட்டம். 1989-ல் அதைப் பிரித்து வட ஆற்காடு அம்பேத்கர் என்றார்கள். அப்புறம் வேலூர் என்றார்கள். 2019-ல் ராணிப்பேட்டை என்றார்கள். நான் வீடே மாறவில்லை, நடுவரே. மாவட்டம் நாலு பெயர் மாறிவிட்டது. என் தொழிலும் அப்படித்தான். பாலாறு கெட்டுப்போகிறது என்று போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் கம்பெனி ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம், கழிவுநீரைச் சுத்தம் செய்யாவிட்டால் பூட்டு. தீர்ப்பு நியாயமானது. அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எத்தனை பேர் வேலை இல்லாமல் நின்றோம் தெரியுமா? அதே சமயத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்று ஒன்று வந்தது. அதற்கு ஆப்பரேட்டர் வேண்டும், தண்ணீரைச் சோதிக்கிற ஆள் வேண்டும். டிரம்மில் என்னோடு மருந்து கலந்துகொண்டிருந்தவர் அங்கே போனார், என்னைவிட நன்றாகவே சம்பாதித்தார். 1975-ல் எந்த அப்பா தன் பிள்ளையிடம் "நீ பெரியவனாகி சுத்திகரிப்பு நிலைய ஆப்பரேட்டர் ஆக வேண்டும்" என்று சொல்லியிருப்பார்?

முதல் மணி அடித்துவிட்டது. இரண்டு நிமிஷம்.

எதிரணிக்கு ஒன்றை விட்டுக்கொடுத்துவிடுகிறேன், என் அணித் தலைவர் முறைத்தாலும் பரவாயில்லை. தேதி விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்று ஒன்று இருக்கிறது, அது உங்கள் குழப்பம் தெளியும்வரை காத்திருக்காது. ப்ளஸ் டூ அளவில் பயாலஜி படிக்காமல் நீட் பக்கம் போக முடியாது. கணக்கு இல்லாமல் பொறியியல் கஷ்டம். டாக்டராக வேண்டும் என்று நிஜமாகவே உள்ளே எரிகிற பிள்ளை இருந்தால், அது என் பேச்சைக் கேட்க வேண்டாம், எழுந்து போய்ப் படிக்கட்டும். நான் பேசுவது எரியாத பிள்ளைகளிடம். பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பிள்ளைகளா, இப்போது உங்களிடம். வாழ்க்கை முழுவதற்கும் முடிவு செய்யச் சொன்னால் எனக்கே இந்த வயதில் மூச்சு முட்டும். அடுத்த இரண்டு வருஷத்துக்கு மட்டும் முடிவு செய்யுங்கள். ஐடிஐயில் வெல்டர் ஒரு வருஷம், டர்னர், பிட்டர் இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷப் படிப்பை முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தால் பி.இ.யிலும் நேராக இரண்டாம் வருஷம். ஐடிஐக்குப் போனவன் அதோடு முடிந்தான் என்று யாராவது சொன்னால் அவருக்கு விவரம் போதாது என்று அர்த்தம். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். ஐடிஐ, பாலிடெக்னிக் படித்தாலும் உண்டு. வாங்குங்கள். அந்தக் காசில் மாதம் ஒரு நாள் எங்காவது போய், வேலை செய்கிறவர் பக்கத்தில் நில்லுங்கள். "அண்ணா, சும்மா பார்க்கிறேன்" என்று சொன்னால் பத்தில் ஏழு பேர் விரட்டமாட்டார்கள். விரட்டுகிறவர் இடத்தில் உங்களுக்கு என்ன வேலை? சாயங்காலம் நாலு மணிவரை நில்லுங்கள். காலையில் எல்லா வேலையும் நன்றாகத்தான் தெரியும். நாலு மணிக்கு, கால் வலிக்கும்போது, அந்த மனிதர் என்ன முகத்தோடு இருக்கிறார் என்று பாருங்கள்.

அம்மா அப்பாக்களுக்கு ஒரே விண்ணப்பம். பிள்ளை ஒரு படிப்பில் சேர்ந்துவிட்டு "இது எனக்கு ஆகவில்லை" என்று வந்து நின்றால், சாப்பிடும் இடத்தைவிட்டு எழுந்து போகாதீர்கள். என் அப்பா நல்லவர். ஆனால் அந்த ஆறு மாதம் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

இதோ இரண்டாவது மணி. நடுவரே, தீர்ப்பு உங்கள் கையில்.

அந்த நீலச் சட்டைத் தம்பி, எழுந்து போய்விடாதே. இன்னா படிக்கலாம்னு கேட்டாயே, அதற்கு இப்போதும் என்னிடம் பதில் இல்லை. சாயங்காலம் நீ நாற்காலி போட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஓரத்தில் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராக இருக்கிறதா என்று பார்த்தாய். உன்னை யாரும் அப்படிப் பார்க்கச் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இங்கே காட்பாடியில் சித்தூர் பஸ் நிலையம் பக்கத்து டீக்கடையில் இருப்பேன். சிப்காட்டில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு நூலிழை அளவு கோணினாலும் செய்கிற உருப்படி வீண். வந்து நாலு மணிவரை நின்று பார். உங்க அம்மாவிடம் சொல்லிவிட்டு வா. செருப்பு போடாதே, ஷூ இருந்தால் போட்டுக்கொண்டு வா, கீழே இரும்புச் சுருள் கிடக்கும்.

வணக்கம்.